அரையிறுதி அண்ணன்

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் ரயிலடிக்குப் போகிற வழியில் உள்ள டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இல்லீங்களே" என்பார் மாஸ்டர். அரையிறுதி அண்ணன் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பெஞ்சின் மூலையைக் காட்டுவார்கள்.

பெயர் வந்த கதை சின்னதுதான். 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி புரோ கபடி லீகுக்குள் வந்தது. அன்று தொட்டு ஒவ்வொரு சீசனும் தொடங்குவதற்கு முன், "இந்தத் தடவை அரையிறுதி உறுதி, எழுதி வச்சுக்க" என்று சொல்லிவருகிறார். கோப்பை என்று ஒரு நாளும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்ததும் விதைநெல்லை ஊறப்போட ஓடுகிறவன் எங்கள் பக்கத்துக்காரன் இல்லை. நாங்கள் கடைமடை. தண்ணீர் வாய்க்காலில் வந்து, அதில் காலை நனைத்த பிறகுதான் நம்புவோம். கடைமடைக்காரனுக்கு அரையிறுதியே முழு முறைத் தண்ணீர்.

பத்து மா நிலம், ஒரு டிவிஎஸ் எக்ஸெல், ஒரு போன். போனில் இரண்டு விஷயம்தான் பார்ப்பார்: மழை, கபடி. இரண்டிலும் சொன்னது நடக்காவிட்டால் சொன்னவனைத் திட்டுவார். அவர் சொன்னது நடக்காவிட்டால் ஆட்டத்தைத் திட்டுவார்.

அவர் கபடி ஆடியிருக்கிறாரா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் தினமும் சாயந்தரம் சர்க்கரை இல்லாத டீக்கு வருவார். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். அவர்தான் இதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர். "ஒரு தடவ பாடிப் போனான். போனவன் வரல" என்பார். அதற்கு மேல் அவர் பேச மாட்டார். ஆடினவர்கள் எங்கள் ஊரில் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்தக் குறையை ஆடாதவர்கள் தீர்த்துவைக்கிறார்கள்.

கோப்பை யாருக்கு என்ற வழக்கு அந்தப் பெஞ்சில் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். அணிகளை அண்ணன் எடைபோடுவது கொள்முதல் நிலையக் கணக்கில்தான். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை பிடிப்பார்கள், மேலே போனால் திருப்பிக் காயப்போடச் சொல்வார்கள். டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். "டெல்லி பதினாறு. மூட்டை போடலாம். ஹரியானா பதினேழு, பாஸு. பாட்னா மேலாக்க காஞ்சிருக்கு, கையை உள்ள வுட்டுப் பாத்தா சூடு இருக்கு." தலைவாஸுக்கு வரும்போது குரல் இறங்கும். "இருவத்தி ரெண்டு. ரெண்டு வெயிலு காஞ்சா சரியாப் போயிடும்."

அந்த இரண்டு வெயில் எட்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறது.

விளக்கம் போதாது என்று தோன்றினால் டீ கிளாஸ்கள் களத்தில் இறங்கும். பெஞ்சில் ஏழு கிளாஸ் வரிசையாக நிற்கும். ஓரத்து இரண்டும் கார்னர், நடுக் கிளாஸை ஒட்டிய இரண்டும் கவர். வடைத் தட்டின் விளிம்பு போனஸ் கோடு. அண்ணனின் ஆட்காட்டி விரல் பாடிக்கொண்டு போகும். "இப்ப இவன் லெப்ட் கார்னர். இவன் வேலை என்ன? காலைப் பாக்கறது. மூஞ்சியப் பாத்தா போச்சு. ரைடரோட காலு கோட்டுக்கு இந்தாண்ட வந்த நேரம் பாத்து, லபக்குனு கணுக்காலு. அவன் புடிச்சதும் இந்தக் கவரு பறந்து வந்து மேல வுழுவணும்…" என்று விரலை நகர்த்திப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். ரைட் கவரை யாரோ எடுத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். "இதான் நம்ம டீமோட பிரச்சினை" என்று அண்ணன் கையை விரிப்பார். குடித்தவர் வெளியூர்க்காரர் என்றால் பாவம், பாதி டீயைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

எதிர்வழக்காடுபவன் ஒரு கல்லூரிப் பையன். மன்னார்குடியில் படிக்கிறான், கல்லூரி அணியில் ஆடுகிறான், முழங்காலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. அவன் புனே ரசிகன். தமிழ்நாட்டில் பிறந்துவிட்டுப் புனேரி பல்டனுக்குக் கைதட்டுகிறான் என்பதில் அண்ணனுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வருத்தம், கடைசியில் ஆர்வம்.

"ஏன் தம்பி, அவன்ட்ட அப்படி என்ன இருக்கு?"

"நாத்தங்கால் இருக்குண்ணே."

அந்த ஒரு சொல்லில் அண்ணன் அடங்கிவிட்டார். பையன் சொன்னது உண்மைதான். புனேக்காரர்கள் யுவ பல்டன் என்று இளைஞர்களுக்குத் தனி அணி வைத்து, சின்ன வயசிலேயே பையன்களைப் பிடித்து வளர்க்கிறார்கள். அஸ்லம் இனாம்தார் தலைமையில் பத்தாவது சீசன் கோப்பையை 2024 மார்ச்சில் எடுத்ததில் அந்த நாற்றங்காலுக்குப் பெரிய பங்கு உண்டு. "நாம வருஷா வருஷம் ஹரியானாவுலேருந்து நாத்து வாங்கியாந்து நடுறோம். வேர் புடிக்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சிருது. டீம்ல நம்ம பசங்க எத்தினி பேருண்ணே? எண்ணுனா வெரலு மிச்சமாயிடும்" என்றான் பையன். பி.டி. சார் டீயை வைத்துவிட்டு அவனை ஒரு முறை பார்த்தார். அவர் அகராதியில் அது கைதட்டல்.

வாங்கி நட்ட கதையில் பெரிய கதை பவன் செராவத்துடையது. 2022 ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம். அதுவரை அந்த லீகில் யாரும் வாங்காத விலை. எங்கள் பெஞ்சில் ஒரு மாதம் வேறு பேச்சில்லை. முதல் ஆட்டம், குஜராத்தோடு. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முழங்கால் போய், தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்க அவர் வரவில்லை. அன்று ராத்திரி அண்ணன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். "எங்கப்பா செத்தன்னிக்கு ரெண்டு இட்லி தின்னாருங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அதே பவன் 2025-ல் திரும்ப வந்து, சீசன் பாதியைத் தாண்டுமுன்னே அணியில் இல்லாமல் போனார். அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பெயர் வந்தால் வானத்தைப் பார்த்து, "மேகம் கூடுது" என்பார்.

விந்தை என்னவென்றால், விலைபோன ஆள் படுத்துவிட்ட அதே 2022-ல்தான் தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் கண்டோலா என்று ஒரு புதுப் பையன் வந்து பாயிண்டாகக் குவித்தான். டிசம்பர் 13-ந் தேதி உ.பி. யோதாஸோடு 36-36. டை பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். அண்ணன் சொன்னது அன்றைக்குப் பலித்தது. ஊரே அவரைத் தேடிக்கொண்டு போய்க் கைகுலுக்கியது. மாஸ்டர் அன்று அவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அது அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை.

15-ந் தேதி அரையிறுதி, புனேவோடு. விடிந்தால் மார்கழி. கடையில் டிவி முன்னால் உட்கார இடமில்லை. அண்ணனுக்கென்று முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்திருந்தார்கள். அது காலியாகவே கிடந்தது. ஆள் வரவில்லை. வீட்டிலும் இல்லை. 37-39 என்று இரண்டு பாயிண்டில் தோற்று முடிந்த பிறகு நான் எக்ஸெலைத் தேடிக்கொண்டு போனேன். சம்பா வயல் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் மண்வெட்டி. "நான் பாத்தா தோத்துடும் தம்பி. அதான் செத்தத் தண்ணி பாத்துட்டு வரலாம்னு…" என்றார். எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். "ரெண்டு பாயிண்டா" என்று மடையை அடைத்தார். மடை ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்தது.

புள்ளிப்பட்டியல் விஷயத்தில் அவர் ஒரு கணித மேதை. ஜெயித்தால் ஐந்து புள்ளி, சமன் என்றால் மூன்று. தோற்றாலும் ஏழு பாயிண்டுக்குள் தோற்றால் ஒரு புள்ளி. இந்தக் கடைசி விதியை அவர் நேசித்தார். தோல்விக்கும் கூலி கொடுக்கிற விதி உலகத்தில் வேறு எந்த ஆட்டத்தில் உண்டு என்பார். "பெங்கால் நாளைக்குத் தோக்கணும், ஆனா அஞ்சு பாயிண்டுல தோக்கக் கூடாது, பத்துல தோக்கணும். குஜராத்து சமன் பண்ணணும். நாம மிச்சம் நாலையும் ஜெயிச்சுட்டா ஆறாவது எடம்." இதை உரச் சாக்கின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்காட்டுவார். 2025-ல் விதியை மாற்றிவிட்டார்கள். ஜெயித்தால் இரண்டு, தோற்றால் பூஜ்யம், சமன் என்பதே கிடையாது. முழங்கால் போனவர் மாதிரி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை.

தலைவாஸ் வெளியேறிவிட்ட பிறகும் அவருக்கு வேலை ஓயாது. கோப்பை எடுத்தவர்களை ராஜபரம்பரை மாதிரி ஒப்பிப்பார். 2014-ல் ஜெய்ப்பூர், அடுத்து மும்பை, அப்புறம் பாட்னா வரிசையாக மூன்று. அதில் ஒன்றில் நின்று நிதானித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். "2016 ஜூலை பாட்னாவுக்குக் கேப்டன் யாரு? தஞ்சாவூர்க்காரரு, தர்மராஜ் சேரலாதன். அப்ப அவருக்கு வயசு நாப்பத்தி ஒண்ணு. அப்ப அந்தக் கோப்பையில பாதி யாருது?" நம்முடையது என்று யாராவது சொல்லும்வரை மேலே போக மாட்டார். பன்னிரண்டு சீசனில் எட்டு அணிகள் கோப்பையைத் தொட்டாகிவிட்டது. தொடாதவை தெலுங்கு டைட்டன்ஸ், குஜராத், உ.பி., தலைவாஸ். "நாலு பேரு இருக்கோம். தனியா இல்ல" என்பார்.

இந்தப் பித்தை நான் கேலி செய்கிறேன். ஆனால் கஜா புயல் நாட்களை நினைத்தால் கேலி கொஞ்சம் தடுக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை. தென்னை, கூரை, கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துவிட்டன. நாள் கணக்கில், பல ஊர்களில் வாரக் கணக்கில், மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை நின்றது. அண்ணனும் நின்றார். சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல நிற்கிறார் என்று நினைத்தோம். கால்மணி நேரம் ஏற்றியதும், சிக்னல் தேடிப் பாலத்துமேல் ஏறி நின்று, முந்தின நாள் ஆட்டத்தில் என்ன ஆச்சு என்று பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கி வந்தவரிடம் விழுந்த தென்னை எத்தனை என்று கேட்டேன். "பதினாலு" என்றார். ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அதுவும் போச்சு."

தை பிறந்து அறுப்பு முடிந்தால் வாதம் உள்ளூருக்கு இறங்கும். சுவருக்குச் சுவர் மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி நோட்டீஸ். முதல் பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும், நான்காம் பரிசு வரைக்கும் கொடையாளர் பெயர்கள், நோட்டீசில் பாதி அவர்கள் போட்டோ. அண்ணன் அதில் வருகிற அணிகளின் பட்டியலைத்தான் படிப்பார். வடுவூர் என்ற பெயர் இருந்தால் விவாதம் இரண்டாம் பரிசு யாருக்கு என்பதிலிருந்து தொடங்கும். மன்னார்குடி தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற அந்த ஊரை வெளியூர்க்காரர்கள் பறவைகள் சரணாலயத்துக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கபடி ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் ஈரானை 35-32 என்று வென்று தங்கம் வாங்கிய அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். சேதி வந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பையன் ஆட்டத்த மூணு வருஷம் முன்னாடியே பாத்துட்டு நான் சொன்னேன்."

"என்னண்ணே சொன்னீங்க?"

"பொடிசா இருக்கான், தேறமாட்டான்னேன்."

பி.டி. சார் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அந்த ஐப்பசியில் குறுவை நெல்லோடு நாங்கள் கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக்கிடந்தோம். தார்ப்பாய்க்கு அடியில் குவியல், குவியலுக்குப் பக்கத்தில் நாங்கள். அக்டோபர் 31, இறுதிப்போட்டி. தலைவாஸ் முதல் எட்டுக்குள்ளேயே வரவில்லை. ஆனாலும் அண்ணன் போனைச் சாக்கின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, "டெல்லி காஞ்ச நெல்லு, ஆனா புனேதான்" என்று தீர்ப்புச் சொன்னார். நாற்றங்கால் பேச்சு அவ்வளவு தூரம் வேலை செய்திருந்தது. பையனும் எக்ஸெலில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். 31-28, டெல்லி. பையன் ஒன்றும் பேசாமல் பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் ஊழியர் வந்து அண்ணன் குவியலில் ஒரு பிடி அள்ளி மிஷினில் போட்டார். பத்தொன்பது.

"ரெண்டு பாயிண்டு" என்றார் அண்ணன்.

நெல்லைத் திரும்ப ரோட்டில் விரித்தோம்.