சர்டிபிகேட் குழாய்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வடக்குச் சுவரில் ஒரு குழாய் உண்டு. நாலு இஞ்ச் பி.வி.சி. மொட்டைமாடியில் தொடங்கி, மூன்று மாடி இறங்கி, கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு சிமெண்ட் பலகைக்குள் நுழையும். பலகையில் சிவப்பு எழுத்தில் 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதியிருக்கும். அதன்மேல் செகரெட்டரியின் ஸ்கூட்டர் நிற்கும். அந்தக் குழாயைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமை. பூமிக்கு நம்மால் ஆனது.

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், வாசலில் சாக்கடை பொங்கியது. பிளம்பர் வந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையால் பலகையை நெம்பினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒரு முழ ஆழம். நாலு செங்கல் துண்டு, ஒரு கை ஜல்லி, ஒரு பிஸ்கட் உறை. அடியில் வழவழவென்று பூசிய சிமெண்ட் தரை. மணல் இல்லை, மண்ணே இல்லை. பக்கவாட்டில் ஒரு துளை மட்டும் இருந்தது. அது நேராகக் கழிவுநீர்க் குழாயில் போய்ச் சேர்ந்தது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"இது சர்டிபிகேட் குழாய் சார்," என்றார் பிளம்பர், பீடியைக் காதில் செருகிக்கொண்டே. "செக் பண்ண வர்றவங்களுக்குப் போட்டது. தண்ணி போற குழாய்னா வேற மாதிரி இருக்கும்."

"இதை நிஜமாகவே செய்ய வேண்டுமென்றால்?"

"இங்க களிமண்ணு. பதினஞ்சு இருபது அடிக்கு உறை இறக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு தொட்டி கட்டி ஜல்லி, மணல், கரி போட்டு வடிகட்டணும். வருஷத்துக்கு ஒருவாட்டி மழைக்கு முன்னாடி மாடியைப் பெருக்கித் தொட்டியைக் கழுவணும். அவ்ளோதான் சார். ராக்கெட்டா விடப் போறோம்?"

குறை சட்டத்தில் இல்லை. 2003 இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் பழைய கட்டடம், புதுக் கட்டடம், அரசுக் கட்டடம் எதையும் விடவில்லை. எல்லாக் கூரைக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டவும் செய்தது. ஒழுங்காகச் செய்த தெருக்களில் கிணற்று நீர் மேலே வந்தது, உப்புக் கரிப்பு குறைந்தது. நாமோ கெடு தேதிக்கு மட்டுமே பயப்படும் ஜாதி. கெடு முடிவதற்குள் சென்னை முழுக்கக் குழாய் முளைத்தது. பெசன்ட் நகர் மணலுக்கும் அண்ணா நகர்க் களிமண்ணுக்கும் வேளச்சேரிப் பாறைக்கும் ஒரே அளவில் ஒரே குழி, ஒரே மேஸ்திரி. சோதிக்க வந்தவர்கள் குழாய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. குழாயின் கீழ்முனை எங்கே போகிறது என்று கேட்க அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. மழைக்கு அந்தக் கீழ்முனை மட்டும்தான் கணக்கு.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. எங்கள் மொட்டைமாடி 3,000 சதுர அடி, அதாவது 280 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்டுக்கு 3,90,000 லிட்டர். ஆவியானது, வழிந்தது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 3 லட்சத்துக்கு மேல் நிற்கிறது. 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 26 லாரி. வானம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, பில் இல்லாமல், டிப்ஸ் கேட்காமல் இறக்கிய 26 லாரித் தண்ணீரை வருடா வருடம் மலத்தோடு கலந்து அனுப்பி வைத்திருக்கிறோம். தெருவில் எல்லா மாடியும் அப்படியே செய்ததால்தான் மழை நாளில் சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்தது. கார்ப்பரேஷனைத் திட்டினோம். திட்டுவதற்குத்தானே வரி கட்டுகிறோம்!

கணக்கை அசோசியேஷன் கூட்டத்தில் வைத்தேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், மழை வரும்ங்கிறதுக்கு என்ன கேரண்டி? லாரின்னா போன் போட்டா வந்துடும்." வந்துவிடும், சார். எங்கிருந்து வருகிறது? திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் எவனோ ஒருவன் வயலில் போட்ட போரிலிருந்து வருகிறது. விற்றவனுக்குக் காசு, பக்கத்து வயல்காரனின் கிணற்றுக்குக் கயிறு நீளுகிறது. எங்கள் மழையை நாங்கள் கூவத்தில் விடுவோம், அவர்கள் நிலத்தடியை நாங்கள் உறிஞ்சுவோம். இதற்குப் பெயர் நகர்ப்புற வளர்ச்சி. கூட்டத்தின் முடிவில் லிஃப்ட் வாசலுக்கு கிரானைட் பதிக்க ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

நாங்கள் சின்ன மனிதர்கள். பெரியவர்களிடம்தானே கற்றுக்கொண்டோம்?

2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஊர் வெள்ளத்தில் மிதந்தது; மாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கை ஆட்டினோம். பாடம் கற்றோமா? கற்றோம்: மழைநீரை எவ்வளவு வேகமாக விரட்டுவது என்ற பாடம். தெருவுக்குத் தெரு கான்கிரீட் வடிகால், அடியிலும் கான்கிரீட், ஒரு சொட்டு மண்ணில் இறங்கிவிடக் கூடாது என்ற கவனத்தோடு. மழையைக் கடலுக்கு அனுப்ப ஒரு டெண்டர். அதே கடலிலிருந்து நீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, மின்சாரத்தைக் கொட்டிக் குடிநீராக்க இன்னொரு டெண்டர். அது வெள்ளத்துக்கு முன்பே வந்துவிட்டது: மீஞ்சூரில் 2010 இல், நெம்மேலியில் 2013 இல், நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள். நல்ல தண்ணீரை உப்பில் கரைத்துவிட்டு, உப்பிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வித்தையை எந்த மந்திரவாதியும் இவ்வளவு செலவில் செய்ததில்லை.

வெள்ளம் வடிந்து நாலு வருடம்கூட முழுதாகவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வெடித்துக் கிடந்தன. ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. மெஸ்களில் மதியச் சாப்பாடு நின்றது. கோயில்களில் மழை வேண்டி யாகம் நடந்தது. இந்திரனுக்கு விண்ணப்பம் போட்டார்கள். இந்திரன் அனுப்பினால் இறக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று ஒரு அதிகாரிகூட எங்கள் மொட்டைமாடி ஏறிப் பார்க்கவில்லை. ஜூலை 12 ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அமைச்சர்கள் வில்லிவாக்கத்தில் நின்று வரவேற்றார்கள். எங்களுக்கே தண்ணீர் இல்லையே என்று வேலூர்ப் பக்கம் எழுந்த குரல் இங்கே யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ரயிலையும் என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 200 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்த 25 லட்சம் லிட்டர் என்பது எங்கள் கட்டடம் மாதிரி எட்டு மொட்டைமாடிகள் ஓராண்டில் வீணடிக்கும் மழை. எங்கள் தெருவில் மட்டும் அப்படி முப்பது மாடி உண்டு. எங்கள் தெரு வருடத்துக்கு மூன்றேமுக்கால் ரயிலைச் சாக்கடையில் விடுகிறது. அதற்குக் கொடியசைக்க எந்த அமைச்சரும் வருவதில்லை.

2017 இல் ஓர் அமைச்சர் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் மிதக்க விட்டார். நாடே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், அதே வடக்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்று. அவருடைய தெர்மாகோல் காற்றடித்ததும் கரை ஒதுங்கி உண்மையைச் சொல்லிவிட்டது. நம்முடைய தெர்மாகோல் கிளாம்பு போட்டுச் சுவரில் நிற்கிறது, இருபது வருடமாக வாயைத் திறக்கவில்லை. யார் பெரிய விஞ்ஞானி?

இந்த ஊரின் ஞாபகம் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா உண்டு, லேக் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. வியூவில் தெரிவது எதிர்வீட்டு ஏ.சி. பெட்டி. தி.நகரே ஏரிமேல்தான் உட்கார்ந்து புடவை விற்கிறது. கடவுளை வாழ்த்திய கையோடு, அடுத்த அதிகாரமாக மழையை வைத்தவர் வள்ளுவர். அவருக்கு நாம் எழுப்பிய கோட்டம் எங்கே நிற்கிறது? தூர்த்த நுங்கம்பாக்கம் ஏரியின்மேல். மழைக்கு வாழ்த்துப் பாடிய மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை எதிரிகூடச் செய்திருக்க மாட்டான். நாமோ தேர் இழுத்துச் செய்தோம்.

கடைசியில் உபதேசம் யாருக்கு? "பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள்" என்று சுவரில் எழுதுகிறோம். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவின் தெருவில் மூடக் குழாயே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டேங்க், அதன் முன்னால் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் குடங்களின் வரிசை. நாளைக்கு ஆறு குடம். அரிசி கழுவிய தண்ணீரில் பருப்புப் பாத்திரம் அலசி, அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுகிறவரிடம் சிக்கனம் பேசுகிறோம். இங்கே ஒருவர் ஃபிளஷை ஓர் அழுத்து அழுத்தினால் அவருடைய அரைக் குடத்துக்கு மேல் போய்விடும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை ஸிங்க்கில் தள்ளுகிறது. அதைப் பிடித்துத் தரை துடைக்க ஒரு வாளி வைக்க எங்களுக்கு இடமில்லை. காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டுவிட்டு வாட்ச்மேன் டீக்கடைக்குப் போவார். சிண்டெக்ஸ் டேங்க் நிரம்பி, மாடியிலிருந்து சளசளவென்று கொட்டும். எங்கள் தெருவுக்கு அதுதான் சுப்ரபாதம்.

"உங்க டேங்க் வழியுற சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது சார்," என்றார் அக்கா ஒருநாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. மழை வருது என்பது மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் காது எரிந்தது.

எரிந்த காதோடு ஐப்பசிக் கூட்டத்துக்குப் போனேன். உறை இறக்கலாம் என்றேன். "மழைக்காலத்துல தோண்டினா ஒரே சேறு. மழை முடியட்டும்," என்றார் செகரெட்டரி. மழை முடிந்தது. தையில் மறுபடி கேட்டேன். "அடுத்த வருஷ பட்ஜெட்டில் வைப்போம்." சித்திரையில் லாரி ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தபோது கேட்டேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "இப்ப என்ன மழையா பெய்யுது?"

ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. கார்ப்பரேஷனிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. மறுநாளே பலகையை எடுத்த இடத்தில் வைத்துப் பூசினார்கள். சிவப்பு எழுத்தைப் புதுப்பித்தார்கள். குழாய்க்கு மேலிருந்து கீழ்வரை நீல பெயிண்ட் அடித்தார்கள், இரண்டு கோட். ஆண்டறிக்கையின் ஏழாவது பத்தியில் 'மழைநீர் சேகரிப்பு அமைப்பு சீரமைக்கப்பட்டது' என்று ஏறியது. கீழே உறுப்பினர்களின் கையெழுத்து.

எட்டாவது கையெழுத்து என்னுடையது. வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவசரத்தில் போட்டேன்.