ஞாயிற்றுக்கிழமை அப்பா

திட்டக்குடியில் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கறிக்கடை முன்னால் தூக்குவாளியோடு நிற்பவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டியிருக்கும், நாற்பது வர நாளிருக்கிறது. கைலி, கழுத்து தொளதொளத்துப்போன டீ-ஷர்ட். வாரத்தில் ஆறு நாள் ஜவுளிக்கடையிலோ, செல்போன் கடையிலோ, விருத்தாசலம் பஸ் பிடித்துப் போகிற ஏதோ ஓர் ஆபீஸிலோ வேலை. பிள்ளை எழுமுன் கிளம்பி, பிள்ளை தூங்கியபின் வீடு திரும்புகிறவர் என்பதால் அந்த ஆறு நாளும் அவருக்கு அப்பா பதவி ஏட்டளவில்தான். ஞாயிற்றுக்கிழமைதான் பொறுப்பேற்பு. நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல் கொஞ்சம் என்று பார்த்துப் பார்த்து வெட்டச் சொல்லி வாங்கி வந்து, தூக்குவாளியை மனைவி கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைய வீட்டு வேலையில் தன் பங்கு முடிந்தது என்று அதில் எழுதி ஒட்டியிருக்கும். பிறகு கட்டிலில் சாய்ந்து, ரிமோட்டைத் தேடி எடுத்து, "இன்னிக்கு ஃபுல்லா ஃபேமிலியோடதான்" என்று அறிவிப்பார். ராத்திரி எட்டு மணிக்கு, அதே கட்டிலில் அதே ரிமோட்டோடு, "இந்த டிவி வந்ததுலேர்ந்து வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசறதே இல்ல" என்று வருத்தப்படுவதும் இவரேதான்.

இந்தக் குற்றச்சாட்டை விசாரித்தால் டிவி நிரபராதி என்றே தீர்ப்பு வரும். குடும்பத்தைக் கெடுத்தது டிவி என்று மேடையில் பேசினால் கைத்தட்டல் நிச்சயம்; அந்த மேடைப் பேச்சைப் பட்டிமன்றம் என்று பண்டிகை தோறும் டிவியே ஒளிபரப்புகிறது, அது வேறு விஷயம். என் வாதம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் எல்லாரையும்விடத் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பது டிவிதான். சாட்சி, சேனல்களின் நிகழ்ச்சிப் பட்டியல். தமிழில் மெகா சீரியல்கள் நெடுங்காலம் திங்கள் முதல் வெள்ளி வரை ஓடின. பிறகு சனிக்கிழமையும் சேர்ந்தது. ஞாயிறு மட்டும் பெரும்பாலும் விடுப்பு. வார நாட்களில் ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், காலை பதினோரு மணி வாக்கில் சீரியல் வரிசை தொடங்கி மத்தியானம் வரை நீளும். சாயங்காலம் மறுபடி பிடித்து இரவுச் சாப்பாடு தாண்டி ஓடும். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் சினிமா, விவாத நிகழ்ச்சி, சமையல் போட்டி, பிக் பாஸ் காலத்தில் தொகுப்பாளரின் வார இறுதி விசாரணை. அடுப்பங்கரையில் நிற்கிறவளுக்கு அன்று கதை பார்க்க நேரமில்லை என்பது 1999-இல் 'சித்தி' சீரியல் வந்த காலத்திலிருந்தே சேனல்களுக்குத் தெரியும். அவளுடைய கணவருக்கு இன்னும் தெரியவில்லை.

காரணம் அது இல்லை, படம் போட்டால் விளம்பரம் கூடுதலாக வரும், அதனால்தான் போடுகிறார்கள் என்று சொல்லலாம். சரிதான். ஆனால் விளம்பரக் கம்பெனிகள் பாசத்துக்காகப் பணம் கொடுப்பதில்லை. ஞாயிறு அன்று ரிமோட் எந்தக் கையில் இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் டிவி விதி. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் நம்மவரும் காத்திருப்பார்: படம் ஓடும்போது யாரையும் கூப்பிட மாட்டார், கவனம் சிதறிவிடும். விளம்பரம் வந்ததும்தான் தண்ணீர் கேட்பார், குழம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பார், பையனுக்கு மூக்கைத் துடைத்துவிடச் சொல்வார். அவள் ஹாலுக்கு வருவதே விளம்பர நேரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் அவள் முழுதாகப் பார்ப்பது மசாலாத் தூள் விளம்பரமும் பாத்திரம் விளக்கும் சோப்பு விளம்பரமும்தான். குறி பார்த்து அடிப்பது என்றால் இதுதான்.

டிவிக்கும் ஞாயிறுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. ஞாயிறு மாலைத் தமிழ்ப் படத்துக்காகத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிய காலம் அதன்பின் வந்தது. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணத் தொடர் இந்தியில் இருந்தாலும் ஞாயிறு காலையை வளைத்துப்போட்டது. 1993-இல் சன் டிவி வந்தது. பார்க்கப் படத்துக்குப் பஞ்சமில்லை என்றாயிற்று. ஆனால் நம் வாதத்துக்கு முக்கியமான ஆண்டுகள் இரண்டு. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அடுத்த ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தது. எந்தப் பொருள் எந்த அறைக்குப் போயிற்று என்று பாருங்கள். மிக்ஸியும் கிரைண்டரும் சமையலறைக்கு. டிவி ஹாலுக்கு. மின்விசிறி? அதுவும் ஹாலுக்கு. வியர்த்துக் கொட்டும் இடம் சமையலறைதானே என்றால், காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்று பதில் தயாராக இருக்கும். கட்சி பேதமில்லாமல் அரசாங்கம் கொடுத்ததை வீட்டுக்குள் பங்கு பிரித்தது யார் என்று எந்த ஆட்சியும் விசாரித்ததில்லை.

ஆறு நாள் உழைக்கிற மனிதன் ஒரு நாள் காலை நீட்டக் கூடாதா என்று நம்மவர் கேட்பார். நியாயமான கேள்வி, ஒப்புக்குச் சொல்லவில்லை. வாராந்திர ஓய்வு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் போராடியபின் 1890-இல்தான் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை உரிமையாக எழுதிவைத்தது. கடையில் நாள் முழுக்க நிற்கிற ஊழியருக்கு உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வருவதற்கு 2021 ஆக வேண்டியிருந்தது. ஜவுளிக்கடையில் புடவை விரித்து விரித்துக் கால் வீங்கியவர் ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தால் அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. சிக்கல் என்னவென்றால், அதே ஜவுளிக்கடையில் அடுத்த கவுன்ட்டரில் அவர் மனைவியும் நிற்கிறாள்; இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில், நூறு நாள் வேலையில், மக்காச்சோளக் காட்டில். நெருப்பு எரிகிறது, நீராவி வருகிறது, யந்திரம் ஓடுகிறது, ஆனாலும் சமையலறை தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்ததில்லை. லோகண்டே வாங்கித் தந்த விடுமுறை ஹால் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல், ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, வறுவல், வாரம் முழுமைக்குமான இட்லி மாவு, ஊறவைத்த பள்ளிச் சீருடை. லீவு நாளில்தான் அங்கே ஓவர்டைம்.

நான் எதுவுமே செய்யவில்லையா, கறி வாங்கவில்லையா, பிள்ளையைக் குளிப்பாட்டவில்லையா என்பார் அடுத்து. செய்கிறார். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதையும் விடவில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலையில் 2019-இல் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். இதிலும் ஆண்களுக்குச் சலுகை உண்டு: அன்றைக்கு வேலையில் கை வைத்தவர்களை மட்டுமே சேர்த்துப் போட்ட சராசரி இது, துரும்பைக்கூட அசைக்காதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்று. ஆண் ஒன்பது நிமிடத்தைப் பின்வாங்கிக்கொண்டார். கூட்டல் கழித்தலில் சரிசமம் போலத் தெரியும். வகுத்துப் பார்த்தால் மூன்று மடங்காக இருந்த இடைவெளி மூன்றேகாலைத் தாண்டிவிட்டது.

பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்ப்பதைப் பிள்ளை வளர்ப்பில் சேர்க்கலாமா என்பது கொஞ்சம் நுட்பமான வழக்கு. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்றே அதை மனைவிக்கு அனுப்பி, சோறு ஊட்டும்போது போன் காட்டாதே என்று கண்டித்தவர் நம்மவர். விளம்பரத்தோடு மூன்றரை மணி நேரம் ஓடும் மத்தியானப் படத்தில் பிள்ளையின் மூன்று நாள் ரேஷன் ஒரே மூச்சில் காலியாகிறது என்பது அவர் கணக்கில் வராது, ஏனென்றால் அப்போது கூடவே அப்பா இருக்கிறார். அந்த அப்பா கையிலோ தனியாக ஒரு போன், அதில் ரீல்ஸ். டிவியை யாருமே பார்க்கவில்லை என்று யாராவது அணைக்கப் போனால் மட்டும், "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று குரல் வரும். சீரியலை இப்போது எந்நேரமும் போனிலேயே பார்க்கலாமே, சேனல் பட்டியலை வைத்து வாதாடுவது பழைய கதை என்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கலாம்தான். வெங்காயம் நறுக்குகிற கைக்குத் தொடுதிரை ஒத்துழைத்தால்.

வெளியே கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு மாற்று மருந்தும் சொல்லப்படுகிறது. திட்டக்குடி இருப்பது கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில். மாவட்டத் தலைநகரில் கடல் இருக்கிறது. ஆனால் திட்டக்குடிக்காரருக்கு அதைவிடப் பெரம்பலூர் கிட்டம். ஆகவே கடல் என்பது அடுத்த வாரத்துக்கான வாக்குறுதியாகவே இருந்துவருகிறது. மழைக்காலத்தில் வெலிங்டன் ஏரி நிறைந்தால் ஒரு நடை போய் வரலாம்; வைத்தியநாத சுவாமி கோயில் எப்போதும் இருக்கிறது; வெள்ளாற்று மணலும் மிச்சமிருக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆனால் புளிச்சோறு கட்டுவது யார், பிள்ளைக்கு மாற்று உடுப்பு எடுத்துவைப்பது யார், திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்ப்பது யார் என்று கேட்டால், வேலை சமையலறையிலிருந்து ஏரிக்கரைக்கு இடம் மாறியது, அவ்வளவே. டிவியைத் தூக்கிப் போடு என்கிறவர்களுக்கும் என் பதில் இதுவேதான்: தூக்கிப் போட்டாலும் மாவு அரைத்தாக வேண்டும்.

அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க என்று அவர் கோபித்துக்கொண்டால், சொல்ல ஒன்று இருக்கிறது. 2011-இல் வந்த கிரைண்டரை எடுத்து 2006-இல் வந்த டிவியின் முன்னால் வைக்கலாம். பிளக் பாயின்ட் ஹாலிலும் இருக்கிறது. உளுந்தைப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்துத் தள்ளிவிடுவதற்குப் படம் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்தால் போதும். கிரைண்டர் சத்தத்தில் வசனம் கேட்காதே என்பார். ஏழாவது தடவையாகப் போடுகிற படம்தான். நடிகர் வாய் திறக்குமுன் அவர் சொல்லிவிடுவார்.