கைக்குழாய் மீமாம்சை

2003-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்து நிற்கிறது என்பதும், அவற்றை எழுதிச் சேர்த்தவர்கள் ஊதியமோ பட்டமோ பொன்னாடையோ பெறாத தன்னார்வலர்கள் என்பதும் பலர் அறிந்த விஷயங்கள். பொன்னாடைக்குக்கூட வழியில்லாத ஓர் இடத்தில் இத்தனை உக்கிரமான சண்டைகள் எங்ஙனம் மூள்கின்றன, மூண்டவை எங்ஙனம் சமாதானமடைகின்றன என்பதைத்தான் பண்டிதர் எவரும் முறையாக ஆராய்ந்திலர். அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்ததே இவ்வியாசம். ஆராய்ச்சிக்கு ஒரு க்ஷேத்திரம் வேண்டுமாதலால், புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளம் ஒன்றியத்தைச் சேர்ந்த வல்லத்திராக்கோட்டையை எடுத்துக்கொண்டோம். அவ்வூர்ப் பெயரில் ககர ஒற்று மிகுமா, மிகாதா என்பது தனி நூலுக்குரிய வழக்கு. இரு கட்சிக்கும் ஆள் உண்டாதலால் அதனுள் நாம் புகவில்லை.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அவற்றுக்கெல்லாம் மனிதக் கை எழுதி மாளாது என்று கருதி, அரசாங்கம் வெளியிட்ட தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல் ஒன்று சலிப்பில்லாமல் கட்டுரை வரைந்து வைத்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சொல்லப்படும். அதற்குப்பின் அடிப்படை வசதிகள் என்னும் தலைப்பின்கீழ்க் குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள் அல்லது குளங்கள், சந்தைகள் எனத் தொடங்கிச் சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள் வரையில் ஓர் அட்டவணை செல்லும். தாகத்தில் ஆரம்பித்துத் தகனத்தில் முடியும் மானிட வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நூல் வேறொன்று உண்டோ என்று ஐயுறுகிறோம்.

இனி வழக்குக்கு வருவோம். இலக்கண உரையாசிரியர்கள் உதாரணத்துக்கு ஆள் வேண்டியபோதெல்லாம் கூவி அழைத்துக்கொள்ளும் சாத்தனையும் கொற்றனையுமே நாமும் அழைத்துக்கொள்கிறோம். மெய்யான ஆட்களை அழைத்தால் வழக்கு நம்மேல் திரும்பிவிடும். சாத்தன் வல்லத்திராக்கோட்டையிலேயே குடியிருப்பவன். கொற்றன் அவ்வூரில் பிறந்து, புதுக்கோட்டைச் சீமையார் பலரையும் போலச் சிங்கப்பூருக்குச் சம்பாதிக்கப் போனவன். சாத்தன் ஒருநாள் தன் ஊரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கையில், தன் வீட்டுத் திண்ணைக்கு எதிரே பிடி கழன்று, கன்றுக்குட்டி கட்டுவதற்கு மட்டும் பயன்பட்டுவரும் கைக்குழாயும் வசதிகளின் தொகையில் சேர்ந்திருப்பதாக நிச்சயித்து, ‘தொகு’ என்பதை அழுத்தி எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தான். அரை மணிக்குள் கொற்றன் அதனைப் பழையபடி மீட்டு வைத்து, ‘சான்று இல்லை’ என்று இரண்டே சொல்லில் காரணமும் எழுதினான். மொத்த எண்ணிக்கை யாது என்பதை இவ்வியாசம் வேண்டுமென்றே கூறவில்லை; கூறினால் நாமும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவோம்.

இங்கே ஒரு தருக்கச் சிக்கல் உளது. மணிமேகலையில் அளவைவாதி, பிரமாணங்கள் பத்து என்பாரும் எட்டு என்பாரும் ஆறு என்பாரும் உளர் என்று விரிக்கிறான். சைவ சித்தாந்திகள் சுருக்கி, காட்சி, கருதல், உரை என்று மூன்றாக்கினர். விக்கிப்பீடியாவோ அவற்றிலும் இரண்டைக் கழித்து, உரை ஒன்றையே கொண்டது. எதிரே நிற்கும் குழாயைச் சாத்தன் தன் கண்ணால் கண்டது காட்சியளவை. அது ‘சொந்த ஆய்வு’ என்னும் தோஷத்தின்பாற்பட்டுத் தள்ளப்படும். பிடியில்லாத குழாயில் நீர் வாராது என்பது கருதலளவை, அதுவும் அங்ஙனமே. அக்குழாயை ஆயுளில் ஒருமுறையும் கண்டிராத குமாஸ்தா ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் நிரப்பி அனுப்பிய பட்டியலே உரையளவை; அதுவே செல்லும். இது அநியாயம் என்று சாத்தன் கூவுவான். ஆயின் எதிர்வீட்டுக்காரன் கண்ட காட்சியும் பிரமாணமே என்று ஒப்புக்கொண்டால், மறுநாளே ஊர் முழுவதும் தன் தன் திண்ணையிலிருந்து கண்டதை எழுதத் தொடங்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. அப்போது கைக்குழாயோடு நில்லாது, ஊரணிக் கரையில் எவர் வேலி எதுவரை நீண்டது என்பதும் கட்டுரைக்குள் வரும்.

சாத்தன் மீண்டும் குறைத்தான். கொற்றன் மீண்டும் கூட்டினான். இத்தகைய போருக்கு ஆங்கில விக்கிப்பீடியர்கள் 2004-ஆம் ஆண்டில் ஒரு வரம்பு கட்டினர். ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், நம் கணக்கில் அறுபது நாழிகைக்குள், ஒருவர் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தைக் கலைத்தால், அவருடைய எழுதுரிமை சிறிது காலம் தடைப்படும். விதி நல்லதே. ஆனால் மூன்றாவதைச் செய்துவிட்டு அறுபத்தோராம் நாழிகைக்காகக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மகானுபாவர்களும் உளர். இராகுகாலம் கழியக் காத்திருப்போரிடத்தும் அத்தனை பொறுமையை நாம் கண்டதில்லை.

இவ்விதியை மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவாரை மறுப்பதே இவ்வியாசத்தின் பிரதான நோக்கம். திருநெல்வேலிச் சீமை மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்ததாகிய, கி.பி. 800-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று உளது. அவ்வூர்ச் சபையில் எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ என்றே சொல்லிக் குலைப்பவர், அங்ஙனம் குலைத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்று சபையார் விதித்திருக்கின்றனர். 2004-க்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முந்தைய மீளமைப்புத் தடைச் சட்டம் இதுவன்றி வேறு யாது? அன்றியும் இஃது ஓரிடத்தில் மேற்பட்டும் நிற்கிறது. குலைப்பவருக்கு மட்டுமன்றி, அவருக்குத் துணை நின்றவருக்கும் மானூரார் தண்டம் வைத்தனர். இக்காலத்தில் ஒருவரே இரண்டு மூன்று புனைபெயர்களில் வந்து தமக்குத் தாமே பலே சொல்லிக்கொள்ளும் கைப்பாவைக் கணக்குகளைப் பிடிப்பதற்கு நிர்வாகிகள் படும்பாடு கொஞ்சமன்று. மானூரில் அத்தொல்லை இல்லை. பாவை ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு கேட்டிருந்தால், பாவைகள் தாமே பெட்டிக்குள் போயிருக்கும்.

தண்டம் இல்லாத சபை எத்துணைக் காலம் பேசும் என்பதற்கு ஆங்கிலப் பதிப்பிலேயே அத்தாட்சி உண்டு. தயிருக்கு அவர்கள் வழங்கும் பெயரில் ‘எச்’ என்னும் எழுத்து நிற்குமா, போகுமா என்ற விவாதம் 2003-இல் தொடங்கி 2011-இல் முடிந்தது. நம் வீட்டில் அந்தப் பொழுதுக்குள் உறைந்து, புளித்து, மோராகி, மோர்க்குழம்பும் ஆன தயிருக்குக் கணக்கில்லை. 2013-இல் ‘ஸ்டார் டிரெக்’ வரிசையில் வந்த ஒரு திரைப்படத்தின் பெயருள் நின்ற ஒரு சிறு சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவதா, சிறிதாக எழுதுவதா என்று வாதித்தவர்கள் நாற்பதாயிரம் சொற்களுக்கு மேல் செலவிட்டனர். அறம், பொருள், இன்பம் மூன்றையும் வள்ளுவர் 9,310 சீரில் முடித்தார்.

அச்சுக் காலத்தில் இத்தொல்லைகள் இருந்தனவோ எனின், இருந்தன. வெளியே தெரியவில்லை என்பதே வேறுபாடு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக, 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட நாளில், ஒரு தகவல் பிழையென்று கண்ட வாசகர் அஞ்சலட்டை எழுதலாம். அதற்குமேல் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. விக்கிப்பீடியாவிலோ சண்டை முழுவதும் ‘வரலாறு’ என்னும் பக்கத்தில் நாள், நேரத்தோடு பதிந்து கிடக்கும். கைக்குழாய்க்கு ஊரில் இல்லாத சரித்திரம் அங்கே உண்டு.

முறைப்படி சாத்தன் செய்யவேண்டுவது, முதலில் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பேசுதல். அங்குத் தீராவிடில், ‘ஆலமரத்தடி’ என்றே அவர்கள் பெயரிட்டிருக்கும் பொது மன்றத்துக்கு எடுத்துச் செல்லுதல். அங்கே கைதூக்கிக் கணக்கெடுத்து முடிப்பதைவிடக் கருத்தொருமைக்கே மதிப்பு அதிகம். உத்தரமேரூரார் போல் குடத்தில் ஓலை இட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னாலும் செல்லாது. சான்றுதான் வேண்டும்.

சான்று பெற ஒரு மார்க்கம் உண்டு. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. கைக்குழாய் வழக்குக்கு இதனினும் உத்தமமான முகூர்த்தம் இல்லை. அன்று சாத்தன் எழுந்து, பழுதுபட்ட குழாயைப் பழுதென்று தீர்மானமாக எழுதச் செய்து, அச்செய்தி ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியேனும் வரும்படி பார்த்துக்கொண்டானாகில், திண்ணையிலிருந்து கண்ட காட்சி உரையாக மாறிவிடும். இடையில் எவரேனும் வந்து அந்தக் குழாயைச் செப்பனிட்டுவிடாமல் இருக்க வேண்டும். அது நடந்தால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும். நாளிதழின் தேதி என்ன, பக்கம் என்ன என்று கொற்றன் கேட்பான். கேட்கட்டும், ஐந்து காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.