நாமும் ஃபாரினர்தான்

மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 என்று பலகை பார்த்து மனசுக்குள் சிரித்தவர்கள், ஒருமுறை பாங்காக் அரண்மனைக்குப் போய்வர வேண்டும். தாய்லாந்துக்காரருக்கு இலவசம், அரூரில் இருந்து பேக்கேஜ் டூரில் போனவருக்கு 500 பாத். அங்கே வெள்ளைக்காரன் நாம்தான்.

காசு கொடுத்தாலும் அரைக்கால் டவுசரோடு விடமாட்டார்கள். எதிர்க்கடையில் யானைப்படம் போட்ட தொளதொள பேன்ட் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அதோடு எடுத்த செல்ஃபி அடுத்த நிமிடமே குடும்ப வாட்ஸ்அப்பில்.

1782-இல் மன்னர் முதலாம் இராமா கட்டத் தொடங்கிய அரண்மனை. அதற்குள் இருக்கும் கோயிலின் மரகத புத்தர் இரண்டடி உயரம்தான். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கொரு உடை, மாற்றுபவர் மன்னர். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது என்பதால் நம்மவர்கள் அங்கே அதிகம் நிற்பதில்லை.

சுற்றுச்சுவர் நெடுக 178 ஓவியங்களில் இராமாயணம். இராமர் அம்பெய்து தீர்த்தம் வரவழைத்த தீர்த்தமலையைப் பக்கத்தில் வைத்திருக்கிற அரூர்க்காரர்கள், அந்த ஓவியங்களை விறுவிறுவென்று கடக்கிறார்கள். தாய்லாந்து இராமாயணத்தில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை என்று யாராவது காதில் போட்டிருந்தால் நின்றிருப்பார்கள். வாசலில் காவல் நிற்கும் பச்சை முக இராவணனுக்குத்தான் கூட்டம். தோளில் கைபோட எட்டவில்லை என்ற குறை மட்டும்.

அதற்குள் கைடு கொடியை ஆட்டிவிட்டார். அரண்மனைக்கு ஒரு மணி நேரம். அடுத்து நகைக்கடை, அதற்கு இரண்டு.