காப்பிப்பொடிக் கடைக்காரரின் திக்விஜயம்

உள்ளூரில் அவருடைய கடையைத் தாண்டிப் போகிறவர்கள், முகத்தைத் திருப்பாமலேயே, மூக்கினால் அவருக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டுப் போவது வழக்கம். கும்பகோணத்துக் கடைத்தெருத் திருப்பம் ஒன்றில், வறுபடும் கொட்டையின் வாசனைக்கு நடுவே அமர்ந்து, "பிளான்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி, சிக்கரி போடலாமா?" என்ற ஒரே கேள்வியைத் தகப்பனார் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் காப்பிப்பொடிக் கடை முதலாளியைத்தான் சொல்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்வரை அவர் சாதாரண மனிதர்தான். தொழிற்கண்காட்சிக்குப் புறப்பட்டுவிட்டாரானால், பரிவாரத்தோடு திக்விஜயம் செய்யும் சிற்றரசரின் லட்சணங்கள் அத்தனையும் அவரிடம் வந்து குடியேறிவிடுகின்றன.

2023 செப்டம்பரில் உலகக் காப்பி மாநாடு, ஆசியாக் கண்டத்திலேயே முதல் தடவையாக, பெங்களூரில் கூடியபோது, கடையில் அரைக்கும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோயிருந்த காரணத்தால் போக முடியாமற் போனதை, எம்.பி.ஏ. படித்த அவருடைய புத்திரன் குடும்ப சரித்திரத்தில் நேர்ந்த பெருங்குறையாகவே கருதிவந்தான். ஆகவே, அதே ஊரில் பிற்பாடு ஒரு சின்னக் கண்காட்சி நடக்கிறதென்று தெரிந்ததும், முதலாளி, புத்திரன், நாற்பது வருஷமாகக் கொட்டை வறுக்கும் 'அண்ணே', கணக்குப்பிள்ளை ஆகிய நால்வரும், காப்பி குடிக்கத் தெரியும் என்ற ஒரே யோக்கியதையை முன்னிட்டு ஐந்தாவதாக நானும், மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். காப்பிக்கென்றே நடக்கும் கண்காட்சிக்கு வீட்டு டிகாக்ஷனை ஃபிளாஸ்கில் கொண்டுபோவது அவநம்பிக்கையல்லவா என்று நான் கேட்டதற்கு, "கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறவன் ஜீரண மாத்திரை எடுத்துக்கிட்டுப் போறதில்லையா?" என்றார் முதலாளி.

அவருக்கு முதற் சோதனை ருசிபார்க்கும் மேஜையில் காத்திருந்தது. அங்கே அனுஷ்டிக்கப்படும் விதிகள் யாக விதிகளைவிடக் கண்டிப்பானவை. 150 மில்லி வெந்நீருக்கு எட்டேகால் கிராம் பொடி. பாலில்லை, சர்க்கரையில்லை, வடிகட்டுவதுமில்லை. நாலு நிமிஷம் மௌனமாகக் காத்திருந்து, மேலே படிந்த பொடி ஏட்டைக் கரண்டியால் விலக்கி, மூக்கை நுழைத்து முகர்ந்து, பிறகு ஊரே திரும்பிப் பார்க்கும்படி சர்ரென்று உறிஞ்சவேண்டும். நம் வீடுகளில் எந்தச் சப்தத்துக்காகக் குழந்தைகள் குட்டு வாங்குகிறார்களோ, அந்தச் சப்தம் அங்கே ஞானத்தின் அடையாளம். நம்முடைய அண்ணே இயற்கையாகவே அப்படி உறிஞ்சுகிறவராகையால், இரண்டாவது கோப்பையிலேயே எதிர்வரிசைக்காரர்கள் அவருக்கு மரியாதையாக இடம் விட்டார்கள்.

முதலாளியின் சங்கடம் வேறு. ஒரே கரண்டியை வாயில் வைத்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு, பத்துப் பேர் கரண்டி விடுகிற அடுத்த கோப்பையில் மறுபடி விடுவதென்பது, டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே அறுபத்திரண்டு பிராயம் கடத்திய மனிதரால் ஆகக்கூடிய காரியமா? வெந்நீர் பட்டால் எச்சில் தீரும் என்பது அவர்கள் சித்தாந்தம். அதை ஏற்கவும் மனமில்லாமல், மறுக்கவும் துணிவில்லாமல், கரண்டியையே ஒரு சாண் உயரத்தில் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்; பாதி வாய்க்கும் பாதி சட்டைக்குமாகப் பங்கு போயிற்று. துப்புவதற்கென்று பாத்திரம் இருந்தும், விலை கொடுத்து வாங்கும் வஸ்துவைத் துப்புவது லட்சுமிக்குச் செய்யும் அவமரியாதை என்று பதினெட்டுக் கோப்பையையும் விழுங்கியதன் பலனாக, அன்றிரவு லாட்ஜில் அவரும் தூங்கவில்லை, எங்களையும் தூங்க விடவில்லை. மேஜைக்குப் பொறுப்பான பெண், "இதில் மல்லிகை மணம் வருகிறதா, சார்? கடைசியில் ஆரஞ்சுத் தோல்?" என்று விநயமாகக் கேட்டபோது, அவர் நெடுநேரம் யோசித்துச் சொன்ன அபிப்பிராயம்: "ஆறிப்போச்சும்மா."

அதோடு விட்டிருக்கலாம். ஒரே தோட்டத்துக் கொட்டையென்றும், கடல்மட்டத்திலிருந்து இத்தனை அடி உயரமென்றும் பெருமை பேசிய ஓர் இளைஞரிடம், "சிக்கரி எவ்வளவு சேர்க்கறீங்க?" என்று கேட்டுவைத்தார். பஜனை மடத்தில் கருவாட்டு விலை கேட்டாற்போல் அந்தக் கூடம் ஒரு கணம் ஸ்தம்பித்தது. புத்திரன் ஒரு விளம்பரத் தட்டியின் பின்னால் மறைந்தான். முதலாளியோ, "சட்டமே நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தா போதும்னு சொல்லுது தம்பி, நாங்க 80 போடறோம்" என்று தம்முடைய தாராளத்தை எடுத்துரைத்தார். சிக்கரி விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். அங்கே வாயைத் திறக்கவில்லை.

வறுக்கும் இயந்திரத்தின் சந்நிதியில், கணிப்பொறித் திரையில் ஏறி இறங்கும் கோட்டைக் காட்டி, இன்னும் இருபது விநாடி பொறுக்கவேண்டும் என்றார் விற்பனையாளர். கண்ணை மூடிக்கொண்டு கொட்டை பொரியும் சப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணே, இப்போதே இறக்கச் சொன்னார். இரண்டு விதமாகவும் வறுத்துப் பொடித்துக் கொடுத்ததில், இரண்டுக்கும் சிக்கரி போதாது என்று முதலாளி தீர்ப்பளித்தபடியால், யார் கட்சி நியாயம் என்பது இன்றுவரை தெரியாது. இதற்குள் கணக்குப்பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் சித்தாந்தம் கண்டுவிட்டார்: "விலை 18 லட்சம். கிலோவுக்கு 60 ரூபாய் நின்னா, 30,000 கிலோ விக்கணும். நமக்கு நாளைக்கு 20 கிலோ. நாலு வருஷம் நாற்பது நாள் ஆகும் முதலாளி, தீபாவளி பொங்கலுக்குக் கூடக் கடையடைக்காம இருந்தா." முதலாளி அந்த இயந்திரத்தை ஒருமுறை பிரதட்சிணம் செய்துவிட்டு, கூடை வைத்திருந்த ஒவ்வொரு கடையிலும் தம் விலாசச் சீட்டைக் காணிக்கையாகப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

பதினான்கு துணிப்பைகளோடும் ஒன்பது பேனாக்களோடும் ஊர் திரும்பினோம். மறுநாட் காலை முதல் போணிக்கு வந்தவர், எதிர் வீட்டுப் பாட்டி. வழக்கமான கேள்வி முதலாளியின் வாய் நுனிவரை வந்து நின்றது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாட்டி, உங்களுக்கு மல்லிகை மணமாப் போடட்டுமா, ஆரஞ்சுத் தோலு மாதிரி இருக்கட்டுமா?" என்றார்.

பாட்டி கைப்பையை மூடிக்கொண்டு, கவலையோடு கேட்டாள்: "ஏன் தம்பி, மூட்டை கீட்டை நனைஞ்சு போச்சா?"