சாம்பார் வாளியும் பாயச வாளியும் சந்திக்கும் முகூர்த்தம்: ஓர் ஆராய்ச்சி

கலியாண வீடுகளில் தாலி கட்டும் முகூர்த்தத்தைக் கணிப்பதற்குப் பஞ்சாங்கமும் ஜோசியரும் இருக்க, சமையற்கட்டிலிருந்து புறப்படும் சாம்பார் வாளியும் பந்தியிலிருந்து திரும்பும் பாயச வாளியும் நடுமுற்றத்தில் சந்திக்கும் முகூர்த்தத்தைக் கணித்துச் சொல்வார் இல்லாமை நம் சமூகத்தின் பெருங்குறையாம். அக்குறையை நிவர்த்திக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது.

சமையற்கட்டின் வாசற்படியை ஆதிப்புள்ளியாகக் கொள்க. அங்கிருந்து கிழக்கே இத்தனை அடி, வடக்கே இத்தனை அடி என அளந்து, ஒரு பொருள் நிற்கும் இடத்துக்கு இழுக்கும் அம்புக்கோட்டையே கணித நூலார் நிலை வெக்டர் என்பர். வெக்டர் என்னும் பெயரை இக்கணிதத்துக்குச் சூட்டிய ஐரிஷ் அறிஞர் ஹாமில்டன், 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் மனைவியாருடன் நடந்து போகையில் உதித்த சூத்திரமொன்றை அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே கீறிவைத்தார். நடந்துகொண்டே கணிதம் செய்வது அறிஞர்க்கு அழகு. வாளி தூக்குவோர்க்கு ஆகாது.

நிற்க. சாம்பார்க்காரர் படியிறங்கி, வினாடிக்கு 3 அடி கிழக்கும் 2 அடி வடக்குமாக விரைகிறார். அதே கணத்தில், படிக்கு 6 அடி கிழக்கிலும் 36 அடி வடக்கிலும் உள்ள பந்தல் வாயிலிலிருந்து பாயசக்காரர், வினாடிக்கு 2 அடி கிழக்கும் 4 அடி தெற்குமாக உக்கிராண அறையை நோக்கி வருகிறார். கிழக்குக் கணக்கைத் தனியே பார்த்தால், 6 அடி முன்னே இருக்கும் பாயசத்தைச் சாம்பார் வினாடிக்கு ஓரடியாக எட்டிப்பிடிப்பதால் 6 வினாடி. வடக்குக் கணக்கைத் தனியே பார்த்தால், 36 அடி இடைவெளி வினாடிக்கு 6 அடியாகச் சுருங்குவதால் அதுவும் 6 வினாடி. இரு விடைகளும் ஒன்றானமையால், படிக்கு 18 அடி கிழக்கே, 12 அடி வடக்கே, மோதல் சர்வநிச்சயம்.

இருவர் பாதையும் வெட்டிக்கொண்டால் போதும், மோதல் நேரும் என்பது பாமரர் மதம். அது பொருந்தாது. பந்தல் வாயிலில் ஒரு முதியவர், “தம்பி, இன்னும் ஒரு கரண்டி” என்று பாயசக்காரரை 2 வினாடி நிறுத்திவிட்டார் என்க. பாதைகள் அதே இடத்தில்தான் வெட்டுகின்றன. ஆயினும் சாம்பார் அங்கே வருவது ஆறாம் வினாடியில், பாயசம் வருவது எட்டாம் வினாடியில். இருவரும் மிக நெருங்கிய கணத்திலும் நடுவே ஐந்தேகால் அடி கிடக்கிறது. அரை வினாடியே தாமதித்திருந்தாலோ மிஞ்சுவது ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். வாளி யூக்ளிடின் புள்ளியன்று. அதைத் தூக்கும் பரிசாரகரோ, அவருடைய தொந்தியைக் கண்டவர் அறிவர், ஒருக்காலும் புள்ளி அல்லர்.

கணக்கிடாமலே அபாயத்தை அறியும் உபாயம் மாலுமிகளிடம் உண்டு. எதிர்ப்படும் கப்பல், திசைகாட்டியில் திசை மாறாமலே நெருங்கி வருமாயின் மோதல் வருகிறது என்று அவர்கள் கொள்வர். நம் முற்றத்திலும் அப்படியே: சாம்பார்க்காரர் கண்ணுக்குப் பாயசக்காரர் எப்போதும், 6 அடி வடக்குக்கு ஓரடி கிழக்கு என்னும் அதே திசையில்தான் தோன்றுவார், உருவம் மட்டும் பெருத்துக்கொண்டே வரும். இடமோ வலமோ விலகிப் போகிறவரைக் குறித்து அச்சமில்லை. அசையாமல் பெரிதாகிறவரே ஆபத்தானவர். சாம்பார்க்காரரோ தளும்பும் வாளியை விட்டுக் கண்ணெடுக்காதவராதலின், இவ்வுண்மையால் அவருக்குச் சிறிதும் பிரயோஜனமில்லை.

ஆதலால் பந்தி விசாரிக்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: இரண்டாம் கரண்டி கேட்டுப் பாயசக்காரரை நிறுத்தும் முதியவர்களைக் கண்டு தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள்.