பஞ்ச காலத்துப் பாக்கியவான்கள்

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை குப்புறப் படுத்தது. 1933 வாக்கில் உழைக்கத் தெம்புள்ளவர்களில் நாலில் ஒருவர் வேலையில்லாமல் திண்டாடினார். கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் கஞ்சித் தொட்டி முன்னால் வரிசை கட்டினார்கள். அப்பேர்ப்பட்ட காலத்தில் வர்ஜீனியா மலையடிவாரத்தில் ஒரு பரம ஏழைக் குடும்பம் இருந்ததாம். எவ்வளவு ஏழை? மாடி வீடு. சொந்தமாக மர அறுவை மில். ஓட்டை லாரி. கறவை மாடு. ரேடியோ. போதாதற்குக் குடும்பப் பெயரிலேயே ஒரு மலை! நம்ம ஊர்த் தாசில்தார் இவர்களுக்கு வருமானச் சான்றிதழ் கொடுத்திருப்பாரா என்ன?

இதுதான் 'தி வால்டன்ஸ்'. 1972 முதல் 1981 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். முந்தின வருஷம்தான் பட்டிக்காட்டுக் கதைகள் நமக்கு வேண்டாம் என்று அந்த நிறுவனம் பல தொடர்களைப் பெருக்கித் தள்ளியிருந்தது. பெருக்கிய சூடு ஆறுவதற்குள் இந்தப் பட்டிக்காட்டுக் குடும்பம் வெறுங்காலோடு உள்ளே வந்தது. அதுவும் வியாழக்கிழமை, கொடிகட்டிப் பறந்த ஃப்ளிப் வில்சன் நிகழ்ச்சிக்கு எதிரே. பலியாடு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆடு பூசாரியைத் தின்றது. 1973-ல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது! அதே ஆண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் பங்க்கில் கால்கடுக்க நின்ற ஜனம் வீட்டுக்கு வந்து, கியூவே இல்லாத பஞ்சத்தைப் பார்த்து, "அதெல்லாம் ஒரு காலம்!" என்று பெருமூச்சு விட்டது.

கதாசிரியர் ஏர்ல் ஹாம்னருக்கு இது சொந்தக் கதை. ஸ்கைலர் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்தவர். உள்ளூர் மாக்கல் கம்பெனியில் அப்பாவின் வேலை போனது. தொலைவிலிருந்த வேய்ன்ஸ்போரோ ஆலையில் பாடுபட்டு, வாரக் கடைசியில்தான் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார். திரையில் அதே அப்பாவுக்கு வீட்டு வாசலிலேயே மில், வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடு. பிள்ளைகளும் எட்டிலிருந்து ஏழானார்கள். பஞ்ச காலமல்லவா, சிக்கனம்!

அம்மாவாக நடித்தவர் பெயர் மைக்கேல் லெர்னெட். ஆம்பிளை என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று ஆரம்பத்தில் டைட்டிலில் 'மிஸ்' என்று சேர்த்துப் போட்டார்கள். ஏழு பிள்ளை பெற்ற அம்மா, செல்வி! தாத்தா வில் கீர் இன்னும் விசேஷம். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1951-ல் விசாரணைக் குழு முன் வாய் திறக்க மறுத்து, ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் விழுந்தவர். அன்று விரட்டிய தேசமே பிற்பாடு "எங்க தாத்தா" என்று கொண்டாடியது.

பக்கத்து வீட்டு பால்ட்வின் சகோதரிகளை மறக்கவே கூடாது. காலஞ்சென்ற நீதிபதியின் மகள்கள், சரிகை வைத்த சீமாட்டிகள். வருகிறவர்களுக்கெல்லாம் உபசாரமாகக் குட்டிக் கிளாஸில் 'அப்பாவின் ரெசிப்பி' ஊற்றிக் கொடுப்பார்கள். சாட்சாத் கள்ளச் சாராயம்! ஊருக்கே தெரிந்த ரகசியம் காய்ச்சுகிற இருவருக்கு மட்டும் தெரியாது. சாராய வாடையே ஆகாத அம்மா முகம் சுளிப்பார். தாத்தாவுக்கோ அடிக்கடி அந்த வீட்டில் ஏதாவது வேலை இருக்கும்.

ராத்திரி விளக்கணைந்ததும் அறைக்கு அறை குட்நைட் பரிமாற்றம். பதினொரு பேர் கணக்கு முடிவதற்குள் கோழி கூவாதது ஆச்சரியம். அந்தப் பட்டியலில் கடன்காரன் பெயர் மட்டும் வராது.

1992 ஜனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போல அல்ல, வால்டன்களைப் போல இருக்க வேண்டும் என்று உபதேசித்தார். சில நாளிலேயே கார்ட்டூன் பையன் பார்ட் சிம்ப்சன் பதில் கொடுத்தான்: நாங்களும் அவர்கள் மாதிரிதான், பொருளாதார மந்தம் எப்போது தீரும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம்! நவம்பரில் அதே பொருளாதாரத்தைச் சொல்லி பில் கிளிண்டன் ஜெயித்தார். டி.வி.யில் பஞ்சத்தை ரசிக்கிற ஜனம், அது தன் வீட்டு வாசலுக்கு வந்தால் வோட்டை மாற்றிக் குத்திவிடும்.